வாளியில் மிதந்த முட்டைகள்

பெட்டி தூக்க வந்திருக்கிற தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் எழுதுகிறேன். உங்களில் பாதிப் பேர் பி.எட். முடித்தவர்கள் என்று ஆபீசில் சொன்னார்கள். சந்தோஷம். நான் எட்டாவது பெயில். அதை நான் எங்கேயும் ஒளித்ததில்லை. எட்டாவது பெயிலான ஒருத்தன் பதினான்கு வருஷம் உத்திரமேரூரைச் சுற்றியுள்ள பள்ளிக்கூடங்களில், எது கனம், எது லேசு, எது சொரசொரப்பு, எது வழவழப்பு, எது மிதக்கும், எது மூழ்கும் என்று ஐந்தாம் வகுப்புவரை இருக்கிற பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறான். வாத்தியார்களே ஜன்னலோரம் நின்று வேடிக்கை பார்த்திருக்கிறார்கள். இதை நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது. சொல்ல வேறு ஆள் இல்லை.

அதற்கு முன்னால் ரைஸ் மில்லில் இருந்தேன். மூட்டை தூக்கப் போய், எடை போடுகிற இடத்துக்கு வந்தவன். ஒரு நெல்லைக் கடித்துப் பார்த்து ஈரம் எவ்வளவு என்று சொல்லிவிடுவேன். பிறகு மெஷின் வந்தது. நான் சொன்னதைத்தான் அதுவும் சொன்னது. நம் டிரஸ்ட் மேடம் ஒருநாள் பதர் கேட்டு மில்லுக்கு வந்தவர், நான் பேசுகிறதைக் கேட்டுவிட்டு, "நீங்க ஏன் பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்கக் கூடாது?" என்றார். மறு வாரம் என் டி.வி.எஸ். வண்டியின் பின்னால் பாடச் சாமான் நிறைந்த தகரப் பெட்டி ஏறிவிட்டது. பிள்ளைகள் என்னைப் 'பெட்டி சார்' என்றார்கள்.

என் பாடம் எப்படி இருக்கும் என்று ஒன்று மட்டும் சொல்கிறேன். ஒரு பெரிய தெர்மாகோல் கட்டிக்குக் கறுப்புப் பெயின்ட் அடித்துப் பாறாங்கல் மாதிரி செய்து வைத்திருந்தேன். பக்கத்தில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஓர் இரும்புக் குண்டு. வகுப்பிலேயே பலசாலி யார் என்று கேட்பேன். ஒருத்தன் எழுந்து வருவான். காலை அகட்டி, பல்லைக் கடித்து, பாறையைத் தூக்குவான். அது பஞ்சு மாதிரி மேலே வரும், அவன் மல்லாக்க விழுவான். வகுப்பு சிரித்து ஓய ஐந்து நிமிஷம் ஆகும். பெரிசாக இருந்தால் கனமாக இருக்க வேண்டியதில்லை என்பதை அதற்கப்புறம் யாரும் மறக்க மாட்டார்கள். எந்தப் புத்தகத்திலும் பார்த்து இதைச் செய்யவில்லை. சொந்த மூளை.

இந்த வேலையில் இருக்கிற ஒரு சங்கதியை உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். பெட்டிக்காரன் எந்தப் பள்ளிக்கூடத்துக்கும் சொந்தமில்லை. ஒரு வாரம் இங்கே, மறு வாரம் அங்கே. வாத்தியார்கள் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அங்கே உங்களுக்கு நாற்காலி போடுவார்கள். ஆனால் நீங்கள் உட்கார்ந்ததும் பேச்சு நின்றுவிடும். என் வீட்டிலும் அதே கதைதான். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். மகள் திருப்பூரில். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும், "சாப்டியா நைனா" என்று கேட்கும், வைத்துவிடும். ஆகவே மத்தியானத்தில் யாராவது நம்மோடு நாலு வார்த்தை பேசினால் அந்த ஊர் நமக்குப் பிடித்துப்போகும்.

அப்படிப் பிடித்துப்போன ஊர் ஒன்று, திருப்புலிவனம் போகிற ரோட்டிலிருந்து உள்ளே திரும்ப வேண்டும். ஊர்ப் பெயர் வேண்டாம். அங்கே பேசுகிற ஆள், சத்துணவு சமையல் செய்கிற கன்னியம்மா. காலனித் தெருவிலிருந்து வருகிறவள். புருஷன் இல்லை, இரண்டு பெண் பிள்ளைகள். அவள் வேலைக்கு வந்த புதிதில் மேலத் தெருக்காரர்கள் தங்கள் பிள்ளைகளிடம் வீட்டிலிருந்து டப்பா கட்டிக் கொடுத்தனுப்பினார்கள். ஏன் என்று உங்களுக்குத் தெரியும். அவள் ஒன்றும் கேட்கவில்லை. சாம்பாரை நன்றாக வைத்தாள். ஒன்றரை வருஷத்தில் டப்பாக்கள் ஒவ்வொன்றாக நின்றன. கடைசி டப்பா நின்ற அன்று என்னிடம், "ணா, இன்னிக்கு எல்லாப் புள்ளையும் என் கையாலதான் சாப்டுச்சு" என்றாள்.

எனக்கும் ஒரு தட்டு வைப்பாள். சாப்பிட்டு முடிக்கிறவரை எதிரில் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து வம்பளப்பாள்.

"இன்னாணா, இன்னிக்கும் பாறையத் தூக்கி விழவச்சியா?"

"விழுந்தான் ஒருத்தன்."

"பாவம்ணா. ஒருநாள் அவன் அம்மா வந்து உன்ன விழவைக்கும் பாரு."

நான் சொல்ல வந்த வாரம், திங்கட்கிழமை, நாலாவது, ஐந்தாவது பிள்ளைகளுக்கு மிதப்பதும் மூழ்குவதும் எடுத்தேன். கண்ணாடிப் பாத்திரத்தில் நல்ல தண்ணீர். நல்ல முட்டை ஒன்றும், நான் இருபது நாள் வெயிலில் வைத்துக் கெடுத்த முட்டை ஒன்றும். நல்லது அடியில் போய்ப் படுத்தது, கெட்டது மேலே வந்து நின்றது. வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். "கண்ணு ஏமாத்தும், தண்ணி ஏமாத்தாது" என்று சொன்னேன். அப்படித்தான் சொன்னேன். பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொண்டார்கள்.

மறுநாள் மூன்றாம் வகுப்புக்கு விதைநெல் காட்டுவதாகத் திட்டம். உங்களில் விவசாய வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கும். உப்புத் தண்ணீரில் நெல்லைக் கொட்டினால் பதரும் அரைகுறையாக முற்றின நெல்லும் மேலே மிதக்கும். முற்றின நெல் கீழே தங்கும். அதைத்தான் விதைக்கு எடுப்பார்கள். உப்பு போதுமா என்று பார்க்க முதலில் ஒரு முட்டையைப் போடுவார்கள். நல்ல முட்டை மேலே வந்தால் உப்பு சரி. ஊரில் எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள். எனக்கு முட்டை எதற்கு? மில்லில் பழகின கை. பள்ளிக்கூடம் விட்டதும் சமையலறைக்குப் பின்னால் நீல வாளியில் அரை வாளித் தண்ணீர் பிடித்து, ஒரு பாக்கெட் கல்லுப்பைக் கொட்டினேன். காலைக்குள் கரைந்து தெளியட்டும் என்று பலகையால் மூடிவிட்டுப் போனேன். யாரிடமும் சொல்லவில்லை. சொல்லும்படியாக அதில் ஒன்றும் இருப்பதாகத் தோன்றவில்லை.

பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஊர்க்காரர்கள் மாதிரி முட்டை போட்டுக் கரைத்திருந்தால், நல்ல முட்டையும் உப்புத் தண்ணீரில் மிதக்கும் என்று பார்த்திருப்பார்கள். என் கைக்கு முட்டை தேவைப்படவில்லை. என் திமிர் அங்கேதான் ஆரம்பித்தது.

செவ்வாய்க்கிழமை வண்டியின் செயின் அறுந்து, பத்தரைக்குத்தான் போய்ச் சேர்ந்தேன். சமையலறை வாசலில் கூட்டம். என்ன நடந்தது என்று பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். ஐந்தாவது படிக்கிற பவித்ரா, வார்டு மெம்பருடைய பெண், கெட்டிக்காரி. முட்டை அவிக்கிற நாள். "ஆயாம்மா, நான் செக் பண்றேன்" என்று கன்னியம்மாவிடம் கேட்டிருக்கிறாள். "பண்ணும்மா, நல்லாப் பாரு" என்று இவளும் ட்ரேயை நீட்டியிருக்கிறாள். குழாயில் தண்ணீர் வரவில்லை. பின்னால் பலகை மூடிய வாளியில் தெளிந்த தண்ணீர் இருந்தது. ஒரு முட்டையைப் போட்டாள், மிதந்தது. இன்னொன்று, அதுவும் மிதந்தது. ஏழு போட்டாள், ஏழும் மிதந்தன. பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓட, பள்ளிக்கு எதிரில் டீ குடித்துக்கொண்டிருந்த மெம்பர் நாலு பேரோடு உள்ளே வந்துவிட்டார். கூட வந்தவர்கள் போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

நான் உள்ளே நுழையும்போது கன்னியம்மா ஒரு முட்டையை உடைத்துத் தட்டில் ஊற்றியிருந்தாள். மஞ்சள் கரு கும்மென்று நின்றது.

"மோந்து பாருங்க. நேத்து வந்த முட்டைங்க. நாத்தம் கீதா இதுல?"

"நான் ஏன் மோந்து பாக்கணும்? ஒண்ணு நல்லா இருந்தா எல்லாம் நல்லா இருக்குமா? ஏழும் மெதக்குதே, கண்ணு தெரியல உனக்கு?" என்றார் மெம்பர். பின்னாலிருந்து ஒரு குரல், "இதுக்குத்தான் அப்பவே வேணாம்னு சொன்னோம்" என்றது. அது முட்டையைப் பற்றிச் சொன்னது இல்லை.

நான் வாளியைப் பார்த்தேன். விளிம்பில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. பார்த்த அந்த நொடியே எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. இதை நன்றாக மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். தெரியாமல் நான் எதுவும் செய்யவில்லை.

வாயைத் திறக்கப் போனேன். அதற்குள் மெம்பர் திரும்பினார். "அதோ நம்ம பெட்டி சார். வா சாரே. இத்தினி வாத்தியாருங்க இருந்து இன்னா பிரயோஜனம்? நீ குடுத்த பாடம்தான் இன்னிக்கு நம்ம புள்ளைங்களக் காப்பாத்திக்கீது." என் கையைப் பிடித்துக் குலுக்கினார். பெரிய டீச்சர், அதாவது தலைமையாசிரியை, பார்த்துக்கொண்டிருந்தார். வாத்தியார்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எட்டாவது பெயிலான ஒருத்தனுக்கு அத்தனை பேர் நடுவில் யார் கை கொடுத்திருக்கிறார்கள்? திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

கன்னியம்மா தட்டை என்னிடம் நீட்டினாள். "நீயே சொல்லுணா. இது கெட்டதா?"

நல்ல முட்டை. குருடன்கூடச் சொல்லுவான். நான் சொன்னது இது: "மிதந்தா கெட்டதுன்னுதான் பாடம்."

அவள் தட்டைக் கீழே வைத்தாள். நான் வாளியை எடுத்துக்கொண்டு போய் வேலி ஓரம் ஊற்றினேன். கெட்ட முட்டை போட்ட தண்ணீரைப் பிள்ளைகள் தொடக்கூடாது என்று யாரோ சொன்னார்கள். ஆமாம் என்றேன்.

அன்றைக்கு முட்டை அவிக்கவில்லை. சத்துணவு அதிகாரி வந்து பார்க்கட்டும் என்று ட்ரேக்களை ஆபீஸ் அறையில் வைத்துப் பூட்டினார்கள். கன்னியம்மாவை வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். அவள் வடித்து வைத்திருந்த சோற்றை ஆயா ஒருத்தி பரிமாறினாள். மேலத் தெருப் பிள்ளைகளுக்கு வீட்டிலிருந்து டப்பா வந்தது. எனக்குப் பெரிய டீச்சர் அறையில் நாற்காலி போட்டார்கள். அன்றைக்கு நான் உட்கார்ந்தும் பேச்சு நிற்கவில்லை. என்னிடம்தான் பேசினார்கள்.

சாயந்தரம் பஜாரில் டீக்கடையில் நின்றேன். பக்கத்தில் ஒருத்தர் போனில் பார்த்துக்கொண்டிருந்தார். வாளி, முட்டைகள், கன்னியம்மாவின் முகம், அப்புறம் என் குரல். "மிதந்தா கெட்டதுன்னுதான் பாடம்." குரல் தெளிவாக இருந்தது. பாடம் எடுத்துப் பழகின குரல் இல்லையா?

"ஊரு கெட்டுக் கீது பாத்தியா பெரியவரே" என்றார் அந்த ஆள். நான் டீயை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

புதன்கிழமை எட்டரைக்கே பெரிய டீச்சரைப் பார்த்து எல்லாவற்றையும் சொன்னேன். அந்த அம்மா பெயரை எழுத வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். எனக்கு இந்தத் தொழிலில் குரு என்று ஒருத்தர் உண்டென்றால் அவர்தான். அதற்கு முன்னால் அப்படி யாரையும் நான் ஒத்துக்கொண்டதில்லை. அவர் என்னைத் திட்டவில்லை.

"என்கிட்ட சொல்றது சுலபம் சார். நேத்து யார் யார் முன்னாடி சும்மா நின்னீங்களோ, அவங்க அத்தனை பேர் முன்னாடியும் சொல்லணும்."

"அதிகாரிகிட்ட சொன்னாப் போதாதா?"

"அதிகாரியா கன்னியம்மா கையால சாப்பிடப் போறார்?"

எல்லாரையும் வரச்சொல்லி ஆள் அனுப்பினார். செவ்வாய்க்கிழமை நாற்பது பேர் வந்த இடத்தில் அன்றைக்குப் பன்னிரண்டு பேர் வந்தார்கள். கன்னியம்மா கேட்டுக்கு வெளியே நின்றாள். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை.

இரண்டு வாளி வைத்தேன். ஒன்றில் நல்ல தண்ணீர். இன்னொன்றில் எல்லார் கண் முன்னாலும் உப்பைக் கொட்டிக் கரைத்தேன். கரைய நேரமாயிற்று. அந்த நேரம் முழுக்க ஒரு கட்டையால் கலக்கினேன். கட்டை வாளியில் உரசுகிற சத்தம்தான். பூட்டியிருந்த ட்ரேயிலிருந்து பவித்ராவை விட்டே ஒரு முட்டையை எடுக்கச் சொன்னேன். நல்ல தண்ணீரில் போட்டாள், மூழ்கியது. அதே முட்டையை எடுத்து உப்புத் தண்ணீரில் போட்டாள், மிதந்தது. அறுபது முட்டையையும் நல்ல தண்ணீரில் போட்டுப் பார்த்தோம். அறுபதும் நல்லவை.

"அப்போ நான் நேத்து செஞ்சது தப்பா சார்?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

"நீ செஞ்சது சரிம்மா. நான் வச்ச தண்ணி தப்பு. அது தப்புன்னு தெரிஞ்சும் சொல்லாம நின்னேன், அதுவும் தப்பு."

மெம்பருக்கு முகம் சிவந்துவிட்டது. "உப்புத் தண்ணில முட்ட மெதக்கும்னு எனக்கே தெரியும்யா. நானும் வெள்ளாமக்காரன்தான். அது உப்புத் தண்ணின்னு நேத்து ஏன் சொல்லல? வாயில இன்னா வச்சிருந்த?"

நான் முட்டைகளை ஒவ்வொன்றாக ட்ரேயில் அடுக்கினேன்.

"வுடுங்க, அவ கையால தின்னுகினு இருந்தவன். இன்னிக்கு அவளுக்காகத்தான் பேசுவான்" என்றார் இன்னொருத்தர். உண்மையைச் சொன்னபோது யாரும் எனக்குக் கை கொடுக்கவில்லை. உங்களுக்கும் கொடுக்க மாட்டார்கள். அதை எதிர்பார்த்துக்கொண்டு சொல்லப் போகாதீர்கள்.

அதிகாரி வந்து பார்த்து, முட்டையில் குறையில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கன்னியம்மாவை அன்றைக்கே வேலைக்குப் போகச் சொன்னார். டிரஸ்டில் என்னை ஒரு மாதம் சஸ்பெண்டு செய்தார்கள். அது நியாயம்தான்.

பாடம் என்ன என்று கேட்பீர்கள். இரண்டு பொருளை ஒப்பிட்டுக் காட்டும்போது, நடுவில் இருக்கிற தண்ணீரும் ஒரு பொருள்தான். அது என்ன தண்ணீர் என்று முதலில் பார்க்க வேண்டும். முட்டையை மட்டும் மாற்றுவதென்றால் மற்றதெல்லாம் அப்படியே இருக்க வேண்டும். பெரிய டீச்சர் எனக்கு இதை ஒரு பலகையில் எழுதியே காட்டினார். வாளியில் என்ன இருக்கிறது என்று சீட்டு ஒட்டுங்கள். பாடம் முடிந்ததும் கொட்டுங்கள். 'தண்ணி ஏமாத்தாது' மாதிரி அடித்துப் பேசாதீர்கள். பிள்ளைகள் நம்பிவிடுவார்கள், நம்பினதைப் போய்ச் செய்தும் பார்ப்பார்கள். இதெல்லாம் தொழில் சம்பந்தப்பட்டது, நீங்களே கற்றுக்கொள்வீர்கள். என்னைவிடப் படித்தவர்கள்.

ஒரு மாதம் கழித்து அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். மத்தியானம் சமையலறைக்குப் போனேன். தட்டு வைத்தாள். சாப்பாட்டில் குறை வைக்கவில்லை. எதிரில் உட்காரவில்லை. மேலத் தெருப் பிள்ளைகள் டப்பாவோடு தனியாக மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள்.

"கன்னிம்மா, தப்பு என்னுதுதான். மன்னிச்சிடு" என்றேன்.

"அதான் எல்லார் எதிர்லயும் சொல்லிட்டீங்களே சார்."

எட்டு வருஷமாக 'ணா' என்று கூப்பிட்டவள். நான் தலையைக் குனிந்துகொண்டு பிசைந்தேன்.

"முட்டைங்க நல்லதுதான்னு அதிகாரியே எழுதிக் குடுத்துட்டாரே" என்றேன்.

அவள் அடுப்பைத் தணித்துக்கொண்டிருந்தாள். திரும்பாமலே சொன்னாள்: "எழுதினது பீரோக்குள்ள கீது சார். வீடியோ வெளிய சுத்திக்கினு கீது. மொத நாள் நீங்க சொன்னத அவ்ளோ பேர் புடிச்சாங்க. ரெண்டாம் நாள் சொன்னத எவனும் புடிக்கல. என் பெரிய பொண்ண அதோட கிளாஸ்ல முட்டை, முட்டைன்னு கூப்புடறானுங்க."

அந்த வருஷ முடிவில் அவளே எழுதிக் கேட்டு, திருமுக்கூடல் பக்கம் வேறொரு பள்ளிக்கூடத்துக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டாள். அது என் வட்டாரம் இல்லை. ஆனாலும் ஒருமுறை வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். கேட்டிலிருந்து பார்த்தேன். பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு டப்பா கண்ணில் படவில்லை. அவள் வாளியும் கரண்டியுமாகக் குனிந்து குனிந்து பரிமாறிக்கொண்டிருந்தாள். கூப்பிடலாமா என்று யோசித்தேன். இங்கே அவளை யாருக்கும் அந்த வீடியோவால் தெரியாது. நான் போய் நின்றால், இவர் யார் என்று யாராவது கேட்பார்கள், பழைய கதை வெளியே வரும். வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

இப்போது வேலையும் இல்லை. பெட்டியை ஆபீசில் ஒப்படைத்துவிட்டேன். கையில் போன் ஒன்றுதான். அந்த வீடியோ சாகவில்லை. ஆறேழு மாதத்துக்கு ஒருமுறை எங்கிருந்தோ ஏதாவது ஒரு குரூப்பில் வரும். ஊர்ப் பெயரை மாற்றியிருப்பார்கள். போன தடவை தர்மபுரி என்று போட்டிருந்தார்கள். உஷார் பெற்றோர்களே என்று மேலே எழுதியிருக்கும். நான் ஒவ்வொரு தடவையும் கீழே எழுதுவேன்: அது உப்புத் தண்ணீர், முட்டை நல்லது, பேசுகிறவன் நான்தான், தப்பு என் பேரில். எழுத்துக் கூட்டி முடிக்க எனக்கு அரைமணி ஆகும். அதற்குள் அதற்குக் கீழே இருபது பேர் காலை வணக்கம் போட்டிருப்பார்கள். என்னுடையதை யாரும் படித்த மாதிரித் தெரியவில்லை.

நீங்கள் ஊர் ஊராகப் போகிறவர்கள். பத்து குரூப்பிலாவது இருப்பீர்கள். அது உங்களுக்கு வந்தால் மேலே அனுப்பாதீர்கள். அனுப்பினவரிடம் விஷயத்தைச் சொல்லுங்கள். நம்பவில்லையென்றால் என் நம்பரைக் கொடுத்துப் பேசச் சொல்லுங்கள். எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் கொடுங்கள். வீட்டில்தான் இருக்கிறேன். முதல் மணியிலேயே எடுத்துவிடுவேன்.